அந்த வில்லை எதற்கு?

மார்லிஸ் ராஸ்முசன் இருபத்தாறு வருடம் ஓர் ஓட்டையை மூடினாள். கேட்கக் கேலியாக இருக்கும். ஆனால் அவள் பார்த்த உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை.

விஸ்கான்சினில் ஏரிக்கரை ஊரான ரசீனில், சிங்க்குக்கு அடியில் தொங்கிக்கொண்டு, தட்டில் மிஞ்சியதையெல்லாம் அரைத்துக் குழாயில் தள்ளிவிடும் மெஷின்களைச் செய்கிற ஆலை ஒன்றில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு மெஷினின் விலாவிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழாய்மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும். அந்த மூக்குக்குள் காசுபோல் வட்டமான ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வில்லையை வைத்துக் கைப்பிடியை இழுத்து அழுத்த வேண்டும். பிறகு கட்டைவிரலை உள்ளே விட்டு, வில்லை அசைகிறதா, ஓரத்தில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். அசையவில்லையென்றால் பச்சைப் பொட்டு. அசைந்தாலோ, வில்லையே இல்லாமல் போனாலோ சிவப்புச் சீட்டு. மெஷின் பெல்ட்டை விட்டு இறங்கிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் மூக்குகள். அவளுடைய வலது கட்டைவிரல் நுனியில் ரேகையே கிடையாது, வழவழவென்று தேய்ந்துபோய்விட்டது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரியிடம் கேட்டாள்.

"சார், இதை மூடத்தான் போறோம்னா ஓட்டையை எதுக்குப் போடறாங்க?"

"மெஷினோட வரைபடத்துல இருக்கு. அதனால போடறாங்க."

"வில்லை எதுக்கு?"

"அதுவும் படத்துல இருக்கும்மா. கைப்பிடியை இழு."

முதல் வாரம் கேட்கக்கூடிய கேள்வியை நான்காம் வருடம் கேட்க முடியாது. பத்தாம் வருடம் கேட்டால் சிரிப்பார்கள். பதினைந்தாம் வருடம் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அவளே வேலை பழக்க வேண்டியிருந்தது. அவர்களும் கேட்டார்கள். "படத்துல இருக்கு," என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, அன்றைக்கெல்லாம் தன் மேலேயே எரிச்சலாக இருந்தாள்.

பெல்ட்டின் கடைசியில் மெஷின்களை அட்டைப்பெட்டியில் வைத்து மூடுகிற ரோசல்வா அவளுக்கு நெருங்கிய சிநேகிதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். வில்லை எதற்கு என்று புதிதாக ஒரு காரணம் சொல்கிறவளுக்கு மற்றவளின் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கோத்து.

"காத்துப் போறதுக்கு ஓட்டை வச்சிருப்பானுங்க. அப்புறம் நாத்தம் வந்திருக்கும். மூடிட்டானுங்க," என்பாள் ரோசல்வா.

"பழைய மாடலுக்கு ரெண்டு குழாய் இருந்திருக்கும்டி. ஒண்ணு போதும்னு ஆன பிறகு அச்சை மாத்தக் காசில்லாம இப்படி அடைச்சிருப்பாங்க."

"எலி நுழையாம இருக்க!"

"எலி நுழையறதுக்கு எவனாவது ஓட்டை போடுவானா?"

எலிக்குப் பிஸ்கோத்து கிடையாது என்று அன்றே தீர்ப்பாயிற்று. இப்படி எத்தனையோ காரணம் சொன்னார்கள். தெரிந்தவர்கள் அந்த ஆலையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். மாடியில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கட்டாயம் தெரியும். ஆனால் மாடி ஏறிப் போய் ஒரு வில்லையைப் பற்றிக் கேட்க இரண்டு பேருக்குமே வீம்பு இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அந்த மெஷின் இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அவள் புருஷன் டுவேன், நகரப் பேருந்து ஓட்டியவன், தக்காளிப் பாத்திக்கு எருக்குழி வெட்டி வைத்திருந்தான். உருளைக்கிழங்குத் தோலில் ஒரு துண்டு வீணானாலும் அவனுக்கு முகம் சுருங்கும். மார்லிஸுக்கும் நாளெல்லாம் பார்த்த முகத்தை வீட்டிலும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் அவள் ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் ரிப்பன் கட்டி ஒரு மெஷினையே பரிசாகக் கொடுத்தார்கள். அது நிலவறையில், கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கு அடியில், இரண்டு வருடம் தூங்கியது.

அதைத் தட்டி எழுப்பியவன் டுவேனின் தம்பி லைல். பிளம்பர். மார்லிஸின் மகள் மேடிசன் நகரத்திலிருந்து பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை அனுப்பி வைத்தாள். அந்த வீட்டுக்குள் அப்படியொன்று வருவது அதுதான் முதல் தடவை. லைல் வந்து அதை சிங்க் குழாயோடு இணைத்துக் கொடுத்தான். மெயின் சுவிட்சை அணைக்க நிலவறைக்குப் போனவன் ரிப்பன் பெட்டியைப் பார்த்துவிட்டான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சீட்டு ஆடுவது வழக்கம். நடுவில் ஒரு கிரிங்கிள், அந்த ஊர் இனிப்பு ரொட்டி வளையம், பாதாம் பூரணம் வைத்தது; ஆளுக்கொரு பீர்.

"அண்ணி, கீழே அந்த மெஷின் தூங்குதே. சும்மா மாட்டிக் கொடுத்துட்டுப் போறேனே?" என்றான் லைல்.

"எனக்கு மாட்டத் தெரியாதா?"

"உங்களுக்கா?"

"நான் செஞ்ச மெஷின்ப்பா அது. இருபத்தாறு வருஷம்."

லைல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் நிற்காது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க அதைச் செய்யலை. அது உங்களைத் தாண்டிப் போச்சு."

டுவேன்கூடச் சிரித்துவிட்டான். மார்லிஸ் சிரிக்கவில்லை. அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் தைத்திருக்காது. இருபத்தாறு வருடம் தான் செய்தது ஒரு மெஷினையா, அல்லது தன் முன்னால் ஓடிய பெல்ட்டில் விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாளா? இதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவளுக்குள் எப்போதும் உண்டு. கேட்டே விட்டான்.

"அடுத்த மாசம் நீ வரும்போது அது என் சிங்க்குக்கு அடியில ஓடிட்டிருக்கும்," என்றாள். "என் கையால. வேற ஒரு கை படக்கூடாது. ஓடலைன்னா, இதே மேஜையில எழுந்து நின்னு, 'இந்த மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல அந்த ஆலைப் பேச்சே கிடையாது."

"விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி."

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை. சீட்டைப் போடு."

மறுநாளே பெட்டியைப் பிரித்தாள். பிரித்தவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மெஷினை முழுசாக, நிதானமாக, யாரும் அவசரப்படுத்தாமல் அவள் பார்த்ததே கிடையாது. பெல்ட்டில் வரும்போது அது பத்து நொடிதான் நிற்கும். அவள் கண்ணுக்கு மூக்கு மட்டும்தான். இப்போது அதைச் சமையலறை மேஜையில் நிறுத்தி வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாய்க்குள் டார்ச் அடித்தாள். அடியில் வட்டத் தட்டு, அதன்மேல் இங்குமங்கும் ஆடும் இரண்டு இரும்புத் துண்டுகள்.

"டுவேன், இங்க வாயேன்! இதுல கத்தியே இல்லை!"

"கத்தி இல்லாம எப்படி வெட்டும்?"

"வெட்டலை. மிச்சத்தைச் சுழட்டி ஓரத்துல மோத விட்டுத் தேய்க்குது. நான் இத்தனை வருஷமா கத்தின்னு நினைச்சுட்டு, கையை உள்ள விடவே பயந்துட்டிருந்தேன்."

ரோசல்வாவுக்குப் போன் செய்தாள். பெட்டிக்குள் ஒரு வளைந்த கம்பி இருக்கிறதே, அது என்ன?

"அதை நான்தான்டி போடுவேன். ஒரு கம்பி, ஒரு புஸ்தகம், ஒரு அட்டை. பத்தொன்பது வருஷம்."

"எதுக்குன்னு கேக்கறேன்."

"அதைப் புஸ்தகத்துல போட்டிருப்பான்."

"நீ படிச்சதே இல்லையா?"

"நீ வில்லை எதுக்குன்னு கண்டுபிடிச்சியா? அப்ப வாயை மூடு," என்றாள் ரோசல்வா. இருவரும் சிரித்துத் தீர்த்தார்கள். மெஷின் இறுகிக்கொண்டால் அடியிலிருந்து திருகிவிட அந்தக் கம்பி என்று புத்தகத்தைப் பார்த்து மார்லிஸ் சொன்னபோது, மறுமுனையில் ரோசல்வா, "அட," என்றாள், யாரோ பரிசு கொடுத்ததுபோல.

அடுத்த சீட்டாட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை காலை, மாட்டும் வேலை ஆரம்பமாயிற்று. பக்கெட்டை வைத்துப் பழைய வளைகுழாயைக் கழற்றினாள். கறுப்பாக ஏதோ அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. சிங்க்கின் பழைய வளையம் இருபது வருடப் பசையோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியல் அடிக்குத்தான் அசைந்தது. புட்டிப் பசையைக் கயிறாக உருட்டிப் புது வளையத்துக்கு அடியில் வைத்து அழுத்தினாள். அதெல்லாம் கை வந்த காரியமாகத்தான் இருந்தது. மாவு பிசைந்த கைதானே. மெஷினைத் தூக்கி மாட்டும்போதுதான் உயிர் போயிற்று. எட்டுக் கிலோ. மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுமேல் வைத்து உயர்த்தினால், அதன் வாயோரத்து மூன்று கொக்கிக் காதுகளும் வளையத்தில் பிடிக்கும் நேரத்தில் கை சோர்ந்தது. இரண்டு தடவை மெஷின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

டுவேன் தொடக்கூடாது என்பது பேச்சு. புத்தகம் படித்துக் காட்டலாம். முடித்த வேலைக்குப் பென்சிலால் குறி போடலாம். நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியோடு அதைச் செய்துகொண்டிருந்தான்.

"கார் ஜாக்கி வேணுமா?" என்றான் கடைசியில். "எடுத்துட்டு வந்து தரையில வச்சுட்டுப் போயிடறேன். மெஷினைத் தொட மாட்டேன்."

ஜாக்கிமேல் இரண்டு டெலிபோன் டைரக்டரி, அதன்மேல் மெஷின். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது மெல்ல எழும்பி வளையத்தில் போய் உட்கார்ந்தது. திருகினாள், டக்கென்று பூட்டிக்கொண்டது. அடியில் படுத்திருந்தவள் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள்.

"பதினொண்ணாவது," என்று படித்தான் டுவேன். "பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தா, அந்தக் குழாயை மாட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற வில்லையை..."

வில்லை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அவள் கட்டைவிரல் தானாக மூக்குக்குள் போய்விட்டது. அழுத்தியது. ஓரத்தைச் சுற்றித் தடவியது.

"வில்லை கல்லு மாதிரி இருக்கு. பார்த்தாச்சு. குறி போடு."

"இல்லை, இங்க என்னமோ இன்னும்..."

"டுவேன், வில்லையைப் பத்தி எனக்கு நீ படிச்சுச் சொல்றியா? வில்லையைப் பத்தி?"

நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவன். எங்கே வாயை மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

பாத்திரம் கழுவும் மெஷினின் ரப்பர் குழாயை எடுத்தாள். படத்தில் அம்புக்குறி நேராக மூக்கைக் காட்டியது. குழாயை மூக்கில் சொருகினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் ஏறியது. அப்படியே அசையாமல் படுத்துக் கிடந்தாள்.

"மூக்கு இதுக்கா!"

"எதுக்கு?"

"அந்த மெஷின் கழுவின தண்ணி இதுவழியா வந்து விழுறதுக்கு! டுவேன், ஓட்டை எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு!"

அப்படியானால் வில்லை? அதையும் அங்கேயே யோசித்து முடித்துவிட்டாள். நாற்றம் எதிர்ப்பக்கம் போகாமல் வில்லை அடைத்து வைக்கிறது. வெந்நீர் வந்தால் இளகி வழி விடுகிறது. ஆறினால் மறுபடி மூடிக்கொள்கிறது. என்ன சாமர்த்தியம்! அசையவே அசையாது என்று வேலை பார்த்த நாளெல்லாம் பச்சைப் பொட்டு வைத்துச் சான்று கொடுத்தவள், இப்போது அது தானாக அசையும் என்று மனதார நம்பினாள். வில்லை அங்கே இருக்கக்கூடாது என்ற எண்ணம் மட்டும் அவளுக்கு வரவில்லை. வர வழியே இல்லை. வில்லை இல்லாத மெஷின் என்றால் அவளுக்குச் சிவப்புச் சீட்டு.

சனிக்கிழமை லைல் வந்தான். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக சிங்க்குக்கு அடியில் நுழைந்தான். இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் துடைத்து ஈரம் பார்த்தான். மார்லிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போட்டுக் காட்டுங்க அண்ணி."

தண்ணீரைத் திறந்து, உருளைக்கிழங்குத் தோலைத் தள்ளி, சுவிட்சைப் போட்டாள். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு வெறும் ரீங்காரம். தோல் போன இடம் தெரியவில்லை. எருக்குழிக்குப் போக வேண்டிய தோலைப் பார்த்து டுவேன் ஒரு பெருமூச்சு விட்டான், ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒத்துக்கறேன்," என்றான் லைல். "என் ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா மாட்ட மாட்டாங்க. சொன்னது தப்பு அண்ணி."

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. சாப்பிட்ட தட்டுகளை, குழாய் மாட்டிய பிறகு முதல் தடவையாக, பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டு வந்து சீட்டுக்கு உட்கார்ந்தாள். முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவது ஆட்டமும் அவளுக்கு. மூன்றாவது ஆட்டத்தில், ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், சிங்க் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு, நுரை பொங்கும் தண்ணீர் தரையெங்கும் பரவிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கிலிருந்து கழன்று, பாம்பாட்டம் துள்ளிக்கொண்டிருந்தது. டுவேன் பாய்ந்து கழுவும் மெஷினை நிறுத்தினான். லைல் தண்ணீரிலேயே மண்டியிட்டு மூக்குக்குள் டார்ச் அடித்தான்.

"அண்ணி, வில்லையை உடைக்கலையா?"

"எதை?"

"உள்ள வில்லை அப்படியே இருக்கே. அதை உடைச்சு எடுத்துட்டுத்தானே குழாயை மாட்டணும்? தண்ணி எந்த வழியா போகும்?"

"வில்லை இருக்கணும் லைல். வில்லை இல்லைன்னா மெஷின் செல்லாது."

"பாத்திரம் கழுவற மெஷின் இல்லாத வீட்டுல இருக்கணும், தண்ணி வெளிய வராம இருக்க. இருக்கிற வீட்டுல உடைக்கணும். அதுக்குத்தான் அதையே வச்சிருக்கான்."

டுவேன் புத்தகத்தை எடுத்து வந்து, பதினொன்றாம் பத்தியை மெதுவாக, முழுவதும் படித்தான். பக்கத்திலேயே அவன் போட்ட பென்சில் குறி. மார்லிஸ் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று இரண்டு ஆண்களும் பயந்தார்கள். அவள் அழவில்லை.

"உடைக்கறதுக்கா?" என்றாள். "அதுக்கா அவ்வளவு தடவிப் பார்த்தேன்?"

லைல் திருப்புளியை மூக்குக்குள் வைத்தபடியே முனகினான்: "சனியன், லேசுல உடையவும் உடையாது. முப்பது வருஷமா நூத்துக்கணக்குல உடைச்சிருக்கேன், ஒண்ணாவது லொடலொடன்னு இருந்திருக்கணுமே! இதைப் பாருங்க." இடது கையை வெளிச்சத்தில் நீட்டினான். கட்டைவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு. "கெனோஷாவில ஒரு வீடு. திருப்புளி சறுக்கி ஏழு தையல். இதை உள்ள வச்ச பாவி யாருன்னு ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

மார்லிஸ் அந்தத் தழும்பைப் பார்த்தாள். பக்கத்தில் தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் வைத்தாள், தேய்ந்துபோன நுனி தெரியும்படி.

"நான்தான்ப்பா," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. "ஒண்ணுகூட லொடலொடன்னு இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை அண்ணி. சத்தியமா."

"திருப்புளியைக் கொடு."

"நான் தட்டிடறேனே, கை..."

"வேற கை படக்கூடாதுன்னு பேச்சு."

மெஷினின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். முதல் அடி விழவில்லை, கை மறுத்தது. தான் இறுக்கி வைத்ததைத் தானே உடைப்பதா? இரண்டாவது அடி மெத்தென்று விழுந்தது. மூன்றாவதை ஓங்கிப் போட்டாள். படக் என்று வில்லை உள்ளே விழுந்து, தட்டில் உருண்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை மூக்குக்குள் விட்டாள். இத்தனை வருடமும் போய் நின்ற இடத்தில் விரல் நிற்கவில்லை. முழுசாக உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் சில்லென்று இருந்தது.

இடுக்கியை விட்டு வில்லையை வெளியே எடுத்தாள். குழாயை மறுபடி மாட்டி, கவ்வியை இறுக்கினாள். கழுவும் மெஷினைப் போட்டார்கள், தண்ணீர் சொன்னபடி கேட்டுக்கொண்டு போயிற்று. தரையைத் துடைத்த பிறகு, முழங்கால் ஈரத்தோடு மேஜைக்கு வந்து எழுந்து நின்றாள்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணி," என்றான் லைல்.

"சொன்னா சொன்னதுதான். இந்த மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது." சற்று நிறுத்தினாள். "வில்லையை உள்ள வைக்க மட்டும்தான் தெரியும். அதை என்னைவிட நல்லா வைக்க எவளாலயும் முடியாது."

"அதுக்கு என் கையே சாட்சி," என்றான் லைல். டுவேன் அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காராமல் நேராகப் போனுக்குப் போனாள்.

"ரோசல்வா, ஒரு பிஸ்கோத்து எடுத்து வை. வில்லை எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"எதுக்குடி? சீக்கிரம் சொல்லு!"

"உடைக்கறதுக்கு."

ரோசல்வா மெதுவாகக் கேட்டாள்: "நல்லா உடைஞ்சுதா?"

"இல்லைடி," என்றாள் மார்லிஸ். "மூணு அடி ஆச்சு."